நெளியாத சக்கரம்

இரும்பு ரிம் உடைவதற்கு முன் நெளியும். பள்ளத்தில் விழுந்தால் நெளியும், கேரியரில் நெல் மூட்டையைக் கட்டிக்கொண்டு கரும்புக் கொல்லை வண்டிப்பாதையில் வந்தால் நெளியும், பையன்கள் மூன்று பேராக ஏறிப் போனால் நெளியும். நெளிந்த இடம் சுற்றுக்கு ஒரு தடவை பிரேக் கட்டையில் உரசும். அந்தச் சத்தத்தை ஒரு நாள் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டு ஓட்டியவர், பொறுக்க முடியாமல் போகும்போது கடைக்குக் கொண்டுவருவார். உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூர் மாதிரியான ஊர்களில் சைக்கிள் கடை என்று ஒன்று இத்தனை காலம் நின்றதற்கு அந்த உரசல்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பொருளுக்கு நோவு வந்தால் வெளியே தெரிந்தது. தெரிந்ததைப் பார்த்துக் கைவைக்க ஒருவர் இருந்தார். கார்பன் ரிம்மில் இது நடப்பதில்லை. அடிபட்ட பிறகும் அது வட்டமாகவே சுற்றுகிறது. கறுப்புப் பூச்சுக்கு அடியில் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கை விட்டுப் பிரிந்திருக்கலாம். மேலே நகக்கீறல் அளவுக்குக்கூட அடையாளம் இருக்காது. பிறகு என்றைக்கோ, வேகத்தில், ஒரே நொடியில் போய்விடும். அதுவரை அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது ஓட்டுகிறவருக்கும் தெரியாது, பழுதுபார்க்கிறவருக்கும் தெரியாது. கொஞ்ச காலமாக இந்த எண்ணம் என்னைத் தொந்தரவு செய்கிறது. நான் பந்தயச் சைக்கிள் ஓட்டுகிறவன் இல்லை. ஆனாலும், தன் பழுதைச் சொல்லாத பொருளை ஒருவர் எப்படிப் பராமரிப்பார் என்ற கேள்வி சைக்கிளோடு முடிந்துவிடுகிற கேள்வியாகப் படவில்லை.

கோட்டம் எடுப்பதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவர்களுக்கு அது பாதி கண் வேலை, பாதி காது வேலை என்று தெரியும். சைக்கிளைக் கவிழ்த்து, சீட்டும் ஹேண்டில்பாரும் தரையில் படும்படி நிறுத்துகிறார்கள். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, போர்க்கில் மணிக்கட்டை ஊன்றி, ஒரு சாக்பீஸ் துண்டை ரிம்முக்கு மயிரிழை தள்ளிப் பிடிக்கிறார்கள். கோணிக்கொண்டு வருகிற இடத்தில் மட்டும் சாக்பீஸ் வெள்ளையாக ஒரு கோடு இழுக்கும். அந்தக் கோட்டுக்கு நேரே, இந்தப் பக்கத்துக் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்று இறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு முழுச் சுற்றுப் போனால் கோட்டம் அந்தப் பக்கம் ஓடிவிடும். மறுபடி சுழற்றல், மறுபடி சாக்பீஸ். நம்முடைய பெரிய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. இங்கிலாந்திலிருந்து வந்த கணக்கு அது. 1949-இல் முருகப்பா குழுமம் அங்குள்ள டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்ய ஆரம்பித்தபோதும் அந்தக் கணக்கே இங்கே நிலைத்தது. வேலை முடிகிற நேரத்தில் மெக்கானிக் நகத்தால் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக்கொண்டே போவார். ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேச வேண்டும். மந்தமாகப் பேசுகிற கம்பி தளர்ந்தது. உச்சத்தில் பேசுகிறது அளவுக்கு மீறி இறுகியது, அடுத்த பள்ளத்தில் அறுந்துபோகும். பின்சக்கரத்தில் பல்சக்கரம் இருக்கிற பக்கம் எப்போதுமே மற்றப் பக்கத்தைவிட இறுக்கமாக இருக்கும் என்பதால் அந்தந்தப் பக்கத்தை அந்தந்தப் பக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும். இதையெல்லாம் யாரும் வாயால் சொல்லிக் கற்றுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவன், பல வருடம் பஞ்சர் ஒட்டியும் மண்ணெண்ணெயில் குண்டு கழுவியும் இருந்த காலத்தில், இன்னொருவர் சுண்டுவதைக் கேட்டுக் கேட்டு அவன் காதில் அது தங்கிவிடுகிறது.

ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1981-இல் சைக்கிள் சக்கரத்துக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். பார்ப்பதற்குச் சக்கரம் கம்பிகளின் மேல் நிற்பது போலவும் தெரியும், மேல் கம்பிகளில் தொங்குவது போலவும் தெரியும். அவர் கணக்குப் போட்டுக் காட்டியது இது: பாரம் ஏறும்போது தரையை ஒட்டியிருக்கிற நாலைந்து கம்பிகளின் இழுப்பு மட்டும் குறைகிறது. மற்றவற்றில் பெரிய மாற்றம் இல்லை. எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால்தான் கீழே இருப்பவை கொஞ்சம் தளர்ந்தும் வளையாமல் நிற்க முடிகிறது. ஓடாமல் சுவரில் சாய்ந்திருக்கிற சைக்கிளிலும் அந்த இழுப்பு இருந்துகொண்டேதான் இருக்கிறது. இன்றைய பந்தயச் சக்கரத்தில் கம்பி எண்ணிக்கை 20, 24 என்று குறைந்துவிட்டதால் கம்பிகள் பலவும் நூறு கிலோவுக்கும் மேலே இழுத்துக் கட்டப்படுகின்றன. அத்தனை இழுப்பையும் தாங்குகிற ரிம், ஐந்து முதல் ஏழு மைக்ரான் தடிமனுள்ள இழைகளை, தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இழைகளை, திசை மாற்றி மாற்றி அடுக்கி எபாக்சிப் பிசினில் வேகவைத்த ஒரு வளையம். ஐம்பது மில்லிமீட்டர் ஆழமுள்ள அப்படியொரு ரிம் சுமார் அரைக் கிலோதான் இருக்கும். முன்னும் பின்னுமாகச் சேர்ந்த ஜோடி, ஹப், கம்பி எல்லாம் உட்பட, ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. விலை லட்சங்களில் போகிறது. கையில் எடுத்துப் பார்த்தால் மனிதன் செய்ததா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு லேசாக இருக்கிறது. அதன் அழகை மறுக்க எனக்கு மனம் இல்லை.

விசித்திரம் என்னவென்றால், இந்தச் சக்கரத்தின் நடுவில் கைவைத்தால் நமக்குத் தெரிந்த உலகமே அங்கே இருக்கிறது. பெரிய சைக்கிளின் பின் ஹப்பைக் கழற்றினால் பக்கத்துக்கு ஒன்பது கால் இஞ்ச் குண்டு, கப், கோன், அவற்றுக்கு நடுவில் கறுத்துப்போன கிரீஸ். கோனை இறுக்கினால் சக்கரம் பிடிக்கும், தளர்த்தினால் ஆடும், நடுவில் ஓர் இடத்தில் ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் ஓடும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் செக் நட்டைப் பூட்டுவதில்தான் ஒரு மெக்கானிக்கின் பெயர் இருக்கிறது. ஜப்பானின் ஷிமானோ தன் உச்சவிலை டூரா ஏஸ் கார்பன் சக்கரங்களிலும் இதே கப்பையும் கோனையும் தனிக்குண்டுகளையும்தான் வைக்கிறது. இத்தாலியின் கம்பாக்னோலோ உயர்ந்த போரா சக்கரங்களில் பீங்கான் குண்டு போடுகிறது. அமைப்பு அதே கப், அதே கோன். காரணமும் எளியது: தேய்ந்ததை அப்புறப்படுத்தி, மிச்சமிருப்பதைத் திரும்பச் சரிசெய்துகொள்ள அதில் இடம் இருக்கிறது. மற்ற நிறுவனங்கள் பெரும்பாலும் அடைத்த பேரிங்குக்குப் போய்விட்டன. அதிலும் ரகசியம் கிடையாது. பல ஹப்களில் இருக்கிற 6902 என்ற எண்ணுக்கு உள்விட்டம் 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 28, அகலம் 7. சேலத்திலோ கோயம்புத்தூரிலோ பேரிங் கடையில் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள், இல்லாவிட்டால் வரவழைத்துத் தருவார்கள். அதை ஹப்பில் ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டும் நேராக, ஒரே சீராக அழுத்த வேண்டும். உள்வளையத்தில் சுத்தியல் பட்டால் குண்டு ஓடுகிற பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுந்து, புதுப் பேரிங்கே கரகரவென்று ஓடும். பம்புசெட் மோட்டார் பார்க்கிறவர்கள் உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். இந்த விஷயத்தை அவர்களிடம் சொன்னால், இதை எதற்குப் புதிதாகச் சொல்கிறாய் என்று பார்ப்பார்கள். சுவிட்சர்லாந்தின் டிடி சுவிஸ் ஹப்பில் இருக்கிற, பல் வெட்டிய இரண்டு வளையங்களைப் பெரிய கருவி எதுவும் இல்லாமல் வெளியே எடுக்கலாம். துடைத்து, அதற்கென்று உள்ள கிரீஸை மெல்லிய பூச்சாக இட்டுத் திரும்ப வைத்தால் வேலை முடிந்தது. கெட்டியான கிரீஸை அப்பிவிட்டால் பற்கள் சரியாகக் கடிக்காமல், ஏறி மிதிக்கிற நேரத்தில் பெடல் வெறுமனே வழுக்கும். இவ்வளவும் கற்றுக்கொள்ளக்கூடியது. நம் ஊர்க் கை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும்.

ஆகவே அச்சுக்கும் கம்பிக்கும் பழைய அறிவு போதும், கூடவே கொஞ்சம் புதியதும் சேரும். தடை ரிம்மில்தான் வருகிறது. சில தயாரிப்பாளர்கள் கம்பியையும் கார்பனாக்கி ரிம்மோடு ஒட்டிவிட்டார்கள். ஜெர்மனியில் டீர்ல், ஓபர்மாயர் என்ற இருவர் சின்னப் பட்டறையில் கையால் செய்யத் தொடங்கிய லைட்வெயிட் சக்கரங்கள் அப்படிப்பட்டவை. 1996-இல் பிரான்ஸ் சுற்றுப்பந்தயத்தை வென்ற பியார்ன ரீஸ் மலைகளில் ஓட்டியவை அவை. அந்தச் சக்கரத்தில் இறுக்கவும் தளர்த்தவும் நிப்பிள் கிடையாது. கோட்டம் எடுப்பது என்ற வேலையே அங்கே இல்லை. பழுதென்றால் செய்தவர்களிடமே போக வேண்டும். பிரான்சின் மாவிக் நிறுவனம் கார்பன் கம்பி போட்ட தன் ஆர்-சிஸ் முன்சக்கரங்களை 2009-இல் திரும்பப் பெற்றது. கம்பி முறிந்துபோகலாம் என்ற அபாயம். பெரிய நிறுவனம், நல்ல பொறியாளர்கள், எல்லாச் சோதனைகளும் முடித்து விற்றவைதான் அவை. செய்தவர்களுக்கே பிறகுதான் தெரிய வருகிறது என்றால், நான் குறை சொல்ல நினைப்பது அவர்களை அல்ல. 1984 ஜனவரியில் மெக்சிகோ நகரத்தில் பிரான்செஸ்கோ மோசர் கம்பியே இல்லாத தட்டுச் சக்கரங்களில் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். அன்றிலிருந்து காற்றைக் கிழிக்கிற வடிவத்துக்காகச் சக்கரம் மூடிக்கொண்டே வருகிறது. வடிவம் மூட மூட, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிற வழியும் மூடுகிறது. வேகத்துக்காக ஒரு பொருள் தன் பேச்சை விட்டுக்கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் சரிதானா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. பந்தயத்தில் ஓடுகிறவர் அதை அறிந்தே ஏற்றுக்கொள்கிறார். பந்தயம் முடிந்து அதே சக்கரம் மூன்றாம் கையாக, நான்காம் கையாக விற்கப்பட்டு வரும்போது அது எங்கே எப்போது எவ்வளவு அடிவாங்கியது என்ற வரலாறு அதோடு வருவதில்லை.

ஒருமுறை நெடுந்தூரம் ஓட்டுகிற ஓர் இளைஞர் எங்கள் பக்கம் வந்தார். பிரெவே என்று அவர்கள் சொல்கிற ஓட்டம்: 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 600 கிலோமீட்டரை நாற்பது மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், பரிசு கிடையாது. திருச்சி நெடுஞ்சாலையை விட்டு விலகி உள்சாலையில் வந்தவர் பள்ளத்தில் இறங்கிவிட்டார். கார்பன் சக்கரம்; பின்டயரில் காற்று இல்லை. கடைக்கார அண்ணன் வழக்கம்போலச் சக்கரத்தைச் சுழற்றி, சாக்பீஸைப் பிடித்தார். கோடு விழவில்லை. "கோட்டமே இல்லியே தம்பி" என்றார். கம்பிகளைச் சுண்டினார். சரியாகத்தான் இருந்தன. "அப்ப டியூப் மாத்திக்கிட்டுக் கெளம்பிடலாமாண்ணே?" என்று அவர் கேட்டதற்கு அண்ணன் உடனே பதில் சொல்லவில்லை. டயரைக் கழற்றச் சொன்னார். டயர் போட்டிருந்தால் சத்தம் அமுங்கிவிடும் என்பது அவருக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது. சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து, ரிம்மை விரல் விரலாகத் தள்ளித் தட்டிக்கொண்டே வந்தார். சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது போலத்தான். டிக் டிக் என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது, வால்வுக்கு எதிர்ப்புறத்தில் ஓர் இடத்தில் மட்டும் தொப்பென்று அடங்கியது. திரும்பவும் தட்டினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி அந்த இடம். "இங்க மட்டும் சத்தம் அடங்குது. எனக்கு இந்தச் சாமான் தெரியாது. ஆனா இதுல ஏறாத" என்றார். விமானப் பராமரிப்பில் கார்பன் உடலைச் சோதிக்க நாணயத்தால் தட்டிப் பார்ப்பது உலகம் முழுக்க இருக்கிற ஒரு முறை. அடுக்கு பிரிந்த இடத்தில் ஒலி மந்தமாகும். தேஜஸ் போர்விமானத்தின் உடல் எடையில் கிட்டத்தட்ட 45 விழுக்காடு இத்தகைய கூட்டுப்பொருள்தான். மீயொலிக் கருவியால் பார்ப்பதற்கு முன்னால் முதல் சந்தேகம் காதில்தான் எழுகிறது. இதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அண்ணன் எதையும் படித்துவிட்டுத் தட்டவில்லை.

இந்த நிகழ்ச்சியை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. அந்த இடத்தில் உண்மையிலேயே அடுக்கு பிரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. ரிம்மின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. கம்பித் துளைக்குப் பக்கத்தில் கூடுதல் அடுக்கு வைத்திருப்பார்கள், அங்கேயும் ஒலி மாறும். நாணயச் சோதனை சந்தேகத்தைத் தருமே தவிர உறுதியைத் தராது. அவர் அவசியமில்லாமல் ஒரு நல்ல சக்கரத்தை ஒதுக்கியிருக்கலாம். அல்லது ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். இரண்டில் எது என்று அவருக்குத் தெரியப்போவதில்லை. இரும்பு ரிம்மைச் சரிசெய்து கொடுத்த சாயங்காலமே அது சரியாயிற்றா என்று தெரிந்துவிடும்; இல்லையென்றால் மறுநாள் காலையில் கடை திறக்கும்போது சைக்கிள்காரர் வாசலில் நிற்பார். தப்பு தெரிந்து, திருத்தி, அப்படித்தான் ஒரு கை தேர்கிறது. கார்பனில் தப்பு திரும்பி வந்து கடை வாசலில் நிற்பதில்லை. கற்றுக்கொள்வதற்கான பாதையே அங்கே அறுந்திருக்கிறது. இதுதான் என்னை விடாமல் பிடித்திருக்கிற விஷயம் என்று இப்போது எழுதும்போது தெளிவாகிறது.

இதெல்லாம் பணக்காரர்களின் பொழுதுபோக்கு, களமருதூருக்கும் இதற்கும் என்ன என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பொருள் முதலில் யாருக்காக உருவானது என்பது அது கடைசியில் யாரிடம் போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. அக்னி ஏவுகணைக்காக உருவான லேசான பொருளைக் கொண்டு, ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் போலியோ பாதித்த பிள்ளைகளுக்குக் காலிபர் செய்துகொடுத்ததை அப்துல் கலாம் தம் வாழ்நாளின் பெரிய ஆனந்தங்களில் ஒன்றாகச் சொல்லிவந்தார். மூன்று கிலோவுக்கு மேல் இருந்த இரும்பைச் சுமந்து நடந்த பிள்ளைகளுக்கு முந்நூறு கிராமில் ஒன்று கிடைத்தது. தமிழ்நாட்டில் 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லாச் சைக்கிள், பிறகு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் படிக்கிற எல்லோருக்கும் ஆயிற்று. ஒரு காலத்தில் ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் மட்டும் நின்ற வாகனம் அது. 2023-இல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை தொடங்கியபோது, பல லட்ச ரூபாய் பெறுமானமுள்ள பந்தயச் சைக்கிளையே ஒரு வீராங்கனைக்கு அரசு கொடுத்தது. அந்தமானிலிருந்து கிளம்பிய சைக்கிள் வீரர் எசோ ஆல்பென் 2019-இல் பிராங்க்பர்ட்டில் இளையோர் உலகத் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் இருந்தார். வெள்ளிமலையில் ஒரு பெண், கச்சிராயபாளையத்திலிருந்து மேலேறுகிற வளைவுகளில் தினமும் பள்ளிச் சைக்கிளை மிதித்து, மிதித்து, ஒருநாள் அப்படிப்பட்ட சக்கரத்துக்கு உரியவளாவது நடக்க முடியாத காரியம் இல்லை. நடக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். அப்போது அந்தச் சக்கரத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்? கொடுக்கிற நாளில் படம் எடுக்கிறோம். ஆறு மாதம் கழித்துப் பேரிங் கரகரக்கும் நாளை எந்தக் கோப்பிலும் நாம் எழுதி வைப்பதில்லை.

அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை நிறைய. கல்வராயன் மலையிலிருந்து கோமுகி அணைப் பக்கம் இறங்கும்போது ரிம்மைப் பிடிக்கிற பிரேக் என்றால் சூடு பிசினைத் தளர்த்தும். தொடர்ந்து பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும், கார்பனுக்கென்று உள்ள கட்டையைத்தான் போட வேண்டும். அலுமினிய ரிம்மில் தேய்ந்த பழைய கட்டையில் உலோகத் துணுக்கு பதிந்திருக்கும், அது கார்பனை அறுத்துவிடும். 2018-இல் உலகச் சைக்கிள் கூட்டமைப்பு சாலைப் பந்தயங்களில் தட்டு பிரேக்கை முழுதாக அனுமதித்த பிறகு இந்தக் கவலை புதிய சைக்கிள்களில் குறைந்திருக்கிறது. கைமாறி வருகிற சக்கரங்கள் பழையவையாகத்தான் இருக்கும். கம்பி நிப்பிள் அலுமினியமாக இருந்து, வியர்வை உப்பும் ஈரமும் சேர்ந்தால், கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரித்து மாவாகிவிடும். பித்தளை நிப்பிள் நிற்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது காற்று. இப்போது வருகிற ரிம்களில் பலவற்றுக்கு டயரைக் கவ்விப் பிடிக்கிற உள்மடிப்பு கிடையாது. அவற்றில் ஐந்து பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று ஏற்றக்கூடாது. 2024 பிப்ரவரியில் எமிரேட்ஸ் சுற்றுப்பந்தயத்தில் தோமஸ் டி கெண்ட் என்ற அனுபவசாலி வீரரின் டயர் அப்படிப்பட்ட ரிம்மிலிருந்து கழன்று போனதை உலகமே பார்த்தது. நம் சாலையோரக் கம்பரசரில் லாரிக்கு ஏற்றுகிற அழுத்தம் தயாராக இருக்கிறது. ஒல்லி டயர் என்றால் கல்லு மாதிரி இருக்க வேண்டும் என்று விரலால் அழுத்திப் பார்த்து ஏற்றுவது நம் வழக்கம். அந்தக் கைக்கு அன்பும் அக்கறையும் குறையாது. அந்த ரிம்மைப் பற்றி அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

சொல்ல முடியும். ஒரு கோட்டம் எடுக்கிற ஸ்டாண்ட், கம்பியின் இழுப்பை அளக்கிற கருவி, முறுக்கை அளந்து பூட்டுகிற ஸ்பேனர், பேரிங் அழுத்தி, அழுத்தம் காட்டுகிற நல்ல பம்ப்: இவை அத்தனையும் ஒரு நல்ல கார்பன் சக்கர ஜோடியின் விலைக்குள் அடங்கிவிடும். 2019-இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், மாவட்ட விளையாட்டு அரங்கோடு சேர்த்து இப்படியொரு மேசை போடுவது பெரிய கனவு அல்ல. கருவி இழுப்பை எண்ணாகக் காட்டும். நகம் சுண்டிக் கண்டதைவிடத் துல்லியமாகவே காட்டும். அதை நான் வரவேற்கிறேன். என் சந்தேகம் அந்த மேசைக்கு முன்னால் உட்காரப்போகிறவரைப் பற்றியது. எங்கள் பக்கத்துச் சைக்கிள் கடைகள் பலவும் மொபெட்டுக்கும் பைக்குக்கும் மாறிவிட்டன. வாடகைச் சைக்கிள் போயிற்று, எடுபிடிப் பையன்களும் போனார்கள். பள்ளிச் சைக்கிளில் கோட்டம் விழுந்தால் ரிம்மையே மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள், நேரம் மிச்சம் என்று. கம்பியைச் சுண்டிப் பழகுகிற வாய்ப்பு இப்படித்தான் குறைகிறது. ரிம்மில் மந்தமான அந்த ஓர் இடத்தை அண்ணன் கேட்டது கார்பன் தெரிந்ததால் இல்லை, ஆயிரக்கணக்கான இரும்புக் கம்பிகளைக் கேட்டிருந்ததால். பேசுகிற சக்கரங்களில் தேர்ந்த காது இல்லாமல் பேசாத சக்கரத்தில் எதைக் கேட்பது? எண் காட்டுகிற கருவி கம்பியைத்தான் அளக்கிறது. ரிம்முக்குள் பிரிந்த அடுக்கை அது அளப்பதில்லை.

பிறகு ஒருநாள் இதைப் பற்றி அவரோடு பேச்சு வந்தது. விமானத்திலும் இப்படித்தான் தட்டிப் பார்க்கிறார்களாம் என்று சொன்னேன். அவர் அதில் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. "ஏறாதன்னு சொல்றது சுளுவு. சொல்லிட்டேன், போயிட்டாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு இன்னொரு தம்பி கொண்டாருவான். தட்டிப் பாப்பேன், எல்லாம் ஒரே சத்தமா இருக்கும். அப்ப நான் போலாம்னு சொல்லணும் இல்ல? அதச் சொல்றதுக்கு எனக்கு இன்னா தெரியும்?" என்று கேட்டார். தயாரிப்பாளர்களின் கையேடுகள் இதற்குச் சுலபமாகப் பதில் வைத்திருக்கின்றன: அடிபட்ட ரிம்மை அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் காட்டு, சந்தேகம் இருந்தால் மாற்று. அந்த இடம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, மாற்றுவதற்கு ஒரு வருடக் கூலி ஆகும். அண்ணனிடம் நான் கையேட்டைச் சொல்லவில்லை. போகலாம் என்று சொல்லும் பொறுப்பை ஊரில் ஒருவர் ஏற்க வேண்டுமென்றால், அவர் தப்பினாலும் அவரைத் தனியாக விட்டுவிடாத ஏற்பாடு ஒன்று, அவர் சந்தேகத்தோடு ஒரு சக்கரத்தை அனுப்பினால் வாங்கிச் சோதித்து, "நீங்கள் கேட்டது சரி" என்றோ "அது துளை ஓரத்து அடுக்கு" என்றோ அவருக்குத் திரும்ப எழுதுகிற ஓர் இடம், முதலில் வேண்டும். தப்பு திரும்பி வந்து வாசலில் நிற்கிற வழியை அப்படித்தான் மறுபடி கட்ட முடியும் என்று படுகிறது. அப்படி ஓர் இடம் எனக்குத் தெரிந்து இங்கே இல்லை, அந்தக் கேள்வியோடு அவர் அடுத்த சைக்கிளுக்குப் போய்விட்டார்.